உஷார்! உங்களுக்குத் தெரியாமல் உங்கள் பிள்ளையின் உடம்பில் ஓட்டை விழுகிறது

அம்மாக்களே, அப்பாக்களே, இன்று ராத்திரி ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் 12 வயதுக்கும் 18 வயதுக்கும் நடுவில் பிள்ளை இருந்தால், பக்கத்தில் உட்கார வைத்துத் தலைமுடியை ஒதுக்கிக் காதைப் பாருங்கள். கம்மல் போடும் இடத்தைச் சொல்லவில்லை. அதற்கு மேலே, தொட்டால் விறைப்பாக இருக்குமே, அந்த மேல்காதைப் பாருங்கள். பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். பையனையும் பாருங்கள். மறைப்பதில் பையன்கள் இன்னும் கெட்டிக்காரர்கள்.

அடிக்கவோ திட்டவோ பார்க்கச் சொல்லவில்லை. அங்கே புண் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறேன்.

"நம்ம மங்கலம்பேட்டையில எங்க இதெல்லாம்? மெட்ராஸ் பிள்ளைங்க செய்யற வேலை" என்று நினைக்கிறீர்களா? அப்படி நினைத்துத்தான் பலர் ஏமாந்திருக்கிறார்கள். இந்தப் பக்கம் விருத்தாசலம், அந்தப் பக்கம் உளுந்தூர்பேட்டை. பிள்ளைகள் டியூஷனுக்கும் கல்லூரிக்கும் ஏதாவது ஒரு பக்கம் தினமும் பஸ் ஏறுகிறார்கள். கையில் செல்போன். அதில் யாரோ ஒரு பெண் காது முழுக்க வரிசையாக ஸ்டட் போட்டுச் சிரிக்கிறாள். யாரோ ஒரு பையன் புருவத்தில் கம்பி மாட்டியிருக்கிறான். இறங்குகிற ஊரில் ஃபேன்சி ஸ்டோர் இருக்கிறது, பார்லர் இருக்கிறது, டாட்டூ கடை இருக்கிறது. கையடக்கத் துப்பாக்கி ஒன்று. காதில் வைத்து ஒரே அழுத்து. 'டக்'. முடிந்தது.

"வயசு என்னம்மா?" யாரும் கேட்பதில்லை.

"அம்மாவுக்குத் தெரியுமா?" யாரும் கேட்பதில்லை.

எங்கள் பக்கத்துப் பெண் ஒருத்திக்கு நடந்ததைச் சொல்கிறேன். பெயர் சொல்ல மாட்டேன், பள்ளி சொல்ல மாட்டேன். அவள் வாழ வேண்டிய பிள்ளை. பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். தோழியின் பிறந்தநாளுக்கு மூன்று பேர் சேர்ந்து போனார்கள். ஆளுக்கு ஒரு ஸ்டட், மேல்காதில். மூன்று பேருக்கும் அதே துப்பாக்கி. கடைக்காரர் பஞ்சில் எதையோ நனைத்துத் துடைத்தார். "ரெண்டு நாள் வலிக்கும், அப்புறம் சரியாயிடும்" என்றார்.

இரண்டு தோழிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இவளுக்கு நான்காம் நாள் காது சிவந்து சுட்டது. வீட்டில் சொன்னால் அடி விழும் என்ற பயம். முடியை விரித்துப் போட்டாள். மற்றப் பக்கமாகவே ஒருக்களித்துப் படுத்தாள். தலைவலி என்றாள். பள்ளிக்குப் போகும் வழியில் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டாள். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்க்க உட்கார வைத்தபோதுதான் அம்மா பார்த்தாள். கை பட்டதும் பெண் அலறிவிட்டாள். மேல்காது முழுவதும் வீங்கிப் பளபளவென்று இருந்தது. காதுச் சோணை மட்டும் நன்றாக இருந்தது.

அம்மா என்ன செய்வாள்? மஞ்சள் பற்றுப் போட்டாள். இன்னும் இரண்டு நாள் போயிற்று. குளிர் ஜுரம் வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கீறிச் சீழ் எடுத்தார்கள். உள்ளே செத்துப்போயிருந்த குருத்தெலும்பையும் எடுக்க வேண்டியதாயிற்று. உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் அந்தக் காது இப்போது வாடிய வெற்றிலை மாதிரி சுருங்கிக் கிடக்கிறது. அறுத்த இடத்தில் தழும்பு வேறு தடித்து வளர ஆரம்பித்திருக்கிறது.

அந்த அம்மா என்னிடம் சொன்னதைத்தான் இந்தக் கட்டுரையில் முக்கியமாகச் சொல்ல வந்தேன். "என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பனே. அவளுக்குப் பொறந்தப்ப கையில போட்ட பி.சி.ஜி. ஊசித் தழும்பே தடிச்சுப் போயிடுச்சு. எங்க மாமியாருக்கும் அப்படித்தான். அவ உடம்புக்கு எந்தக் காயமும் ஆகாது. அது எனக்குத்தானே தெரியும்?"

கேட்டீர்களா? அது அம்மாவுக்குத்தான் தெரியும். 16 வயதுப் பிள்ளைக்குத் தன் உடம்பின் கதை தெரியாது.

18 வயது ஆகாத பிள்ளையின் உடம்பில் ஓட்டை போட, பெற்றோர் சம்மதம் கட்டாயம் வேண்டும். நான் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் இதுதான். அதிகாரம் செய்ய ஆசைப்பட்டுச் சொல்லவில்லை. குத்துகிறவருக்குத் தெரிந்தே ஆக வேண்டிய விஷயங்கள் இருக்கின்றன. அவை அம்மாவிடமும் அப்பாவிடமும்தான் இருக்கின்றன.

யோசித்துப் பாருங்கள். சின்ன வயதில் மூட்டு வலியோடு ஜுரம் வந்து, இதய வால்வு கெட்டுப்போய், 21 நாளுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளைகள் நம் ஊர்ப் பக்கம் இல்லையா? பிறக்கும்போதே இதயத்தில் ஓட்டை இருந்து, "பெரிசானா சரியாயிடும்" என்று டாக்டர் சொல்லி, நீங்களும் பிள்ளையிடம் சொல்லாமலே விட்டிருக்கலாம். சர்க்கரை உள்ள பிள்ளைகள் உண்டு. அடிபட்டால் ரத்தம் நிற்காத பையன்கள் உண்டு. சிறுநீரகக் கோளாறுக்காக மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டு, எதிர்ப்பு சக்தி குறைந்த பிள்ளைகள் உண்டு. இவர்களுக்கெல்லாம் ஒரு சின்ன ஓட்டை சின்ன விஷயமே இல்லை.

இங்கிலாந்தில் ஷெஃபீல்டு என்ற ஊர். 2002-ஆம் ஆண்டு. 17 வயதுப் பையன் ஒருவன் உதட்டில் குத்திக்கொண்டான். அவனுக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு இருந்தது. உதட்டுப் புண்ணிலிருந்து கிருமி ரத்தத்தில் ஏறியது. ரத்தம் முழுக்க நஞ்சானது. இறந்துபோனான். உதட்டில் ஒரு சின்னக் கம்பி. அவ்வளவுதான் அவன் ஆசைப்பட்டது.

இதய வால்வில் கோளாறு உள்ளவர்களுக்கு இதுதான் பெரிய பயம். வாயிலும் தோலிலும் இருக்கிற கிருமிகள் ஓட்டை வழியாக ரத்தத்துக்குள் போய், கெட்டுப்போன வால்வில் ஒட்டிக்கொண்டு பெருகும். காது குத்திய இடம் ஆறிவிட்டது போலவே இருக்கும். உள்ளே இதயம் கெட்டுக்கொண்டிருக்கும். விடாமல் ஜுரம் அடிக்கும். எதனால் என்றே தெரியாது. ஏனென்றால் குத்திய விஷயமே டாக்டருக்குத் தெரியாது.

"எங்க பாட்டி மேல்காதுல கொப்பும் முருகும் போட்டிருந்தாங்களே, அவங்க காது என்ன அழுகியா போச்சு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். பாட்டிக்குப் பத்தர் குத்தினார். மெல்லிய ஊசியால், கையால், நிதானமாகக் குத்தினார். போட்டது தங்கம். பக்கத்தில் பெற்றவள் இருந்தாள், தினமும் பார்த்தாள், சீழ் பிடித்தால் உடனே கண்ணில் பட்டது. பாட்டிமார்களுக்கும் புண் ஆனதுண்டு, காது கிழிந்ததுண்டு, அதை நாம் மறந்துவிட்டோம். ஆனால் யாரும் ஒளித்து வைக்கவில்லை.

நம் வழக்கத்தையே பாருங்கள். கொளஞ்சியப்பர் கோயிலில் மொட்டை அடித்துக் காது குத்தும்போது குழந்தை யார் மடியில் இருக்கிறது? தாய்மாமன் மடியில். அப்பா நிற்கிறார், அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறாள், ஊரையே கூப்பிட்டுச் சோறு போடுகிறோம். ஒரு சின்ன ஓட்டைக்கு இத்தனை பேர் சாட்சி. மங்கலம்பேட்டையில் எந்த மதத்து வீடானாலும் பெண் குழந்தைக்குக் காது குத்தப் பெரியவர்கள் இல்லாமல் யாரும் போனதில்லை. பெற்றோர் சம்மதம் என்பது நமக்குப் புதிதா என்ன? அது இல்லாமல் நடப்பதுதான் புதிது.

இப்போது அந்தத் துப்பாக்கியைப் பற்றி. கவனமாகப் படியுங்கள்.

காதுச் சோணையில் ரத்த ஓட்டம் நன்றாக இருக்கும். குத்தினால் ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆறிவிடும். மேல்காது வேறு. அது குருத்தெலும்பு. அதற்குள் ரத்தக் குழாய் கிடையாது. மேலே போர்த்தியிருக்கிற மெல்லிய உறையிலிருந்துதான் அதற்கு உணவு போகிறது. துப்பாக்கி கூர்மையாகத் துளைப்பதில்லை. மழுங்கிய ஸ்டட்டை வேகமாக அடித்து உள்ளே நசுக்கித் தள்ளுகிறது. குருத்தெலும்பு விரியும், உறை பிரியும். அந்த இடைவெளியில் கிருமி போய்ச் சீழ் கட்டினால், குருத்தெலும்புக்குச் சாப்பாடு நின்றுபோகும். சில நாட்களில் செத்துவிடும். செத்த குருத்தெலும்பு மறுபடி முளைக்காது. நன்றாக ஆறினாலே மேல்காதுக்கு மூன்று மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும். அதுவரை அது திறந்த புண்தான்.

இன்னொன்று. பெரும்பாலான துப்பாக்கிகள் பிளாஸ்டிக். ஆஸ்பத்திரியில் கத்தி, கத்தரிக்கோலை அழுத்த நீராவியில் வைத்துக் கிருமி நீக்குவார்களே, அப்படி இதை வைக்க முடியாது. உருகிவிடும். அதனால் துடைத்துவிட்டு அடுத்த காதுக்குப் போகிறார்கள். முந்தைய ஆளின் கண்ணுக்குத் தெரியாத ரத்தத் துளி அதில் ஒட்டியிருந்தால்? மஞ்சள் காமாலை 'பி' வைரஸ் காய்ந்த ரத்தத்திலும் ஏழு நாள் உயிரோடு இருக்கும். துடைத்த பஞ்சு அதைக் கொல்லாது.

மருந்து போட்டுத் துடைத்தாலும் போதாது என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம். ஒரே ஒரு நகைக் கடையில் குத்திக்கொண்ட 118 பேரைத் தேடிப் பிடித்து விசாரித்தார்கள். ஏழு பேருக்குச் சூடோமோனாஸ் என்ற கிருமி உறுதியானது. இன்னும் 18 பேருக்குச் சந்தேகம். உறுதியான ஏழு பேரும் 10 முதல் 19 வயதுப் பிள்ளைகள். ஏழு பேருமே மேல்காதில் குத்தியவர்கள். நான்கு பேரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று, சிலருக்குக் காதின் வடிவமே போய்விட்டது. கிருமி எங்கே இருந்தது தெரியுமா? கிருமிநாசினி பாட்டிலுக்குள்ளேயே இருந்தது!

அதிலும் நாம் மனதில் வைக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு முதலில் கொடுத்த ஆன்டிபயாட்டிக் இந்தக் கிருமியிடம் பலிக்காத வகை. நம் பெண் மருந்துக்கடையில் வாங்கிச் சாப்பிட்டாளே, அதே கதைதான். மேல்காது வீங்கினால் கடை மாத்திரை வேண்டவே வேண்டாம். அது நாளைக் கடத்தும். நாள் கடந்தால் காது போகும்.

காதோடு நிற்கிறதா? இல்லை.

மூக்கும் மேலுதடும் சேர்ந்த பகுதியிலிருந்து போகும் ரத்தக் குழாய்களுக்கு மூளைப் பக்கத்தோடு தொடர்பு உண்டு. அங்கே சீழ் பிடித்தால் மேலேயே ஏறக்கூடும். அபூர்வம்தான். வந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. நாக்கில் குத்தினால் முதல் சில நாட்களில் நாக்கு தடித்து வீங்கும், மூச்சுக்கே இடைஞ்சல் ஆகலாம். கம்பி பல்லில் இடித்து இடித்துப் பல் உடையும், ஈறு இறங்கும். தொப்புள் ஆறுவதற்குள் பல மாதம் ஓடிவிடும். பாவாடை நாடாவும் சுடிதார் நாடாவும் உரசுகிற இடம் அது, வியர்வை தேங்குகிற இடம்.

தொப்புள் என்றதும் இன்னொரு பயம். இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லியாக வேண்டும். 15 வயதுப் பெண் பிள்ளை, மூடிய அறை, துணியை விலக்கச் சொல்லும் அந்நிய ஆள், "ரீல்ஸ் போடலாம்" என்று அவள் மேலே திரும்பியிருக்கும் செல்போன் கேமரா. பெற்றவள் வெளியே கூட இல்லை. அந்த வீடியோ எங்கெங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்? தொடக் கூடாத விதத்தில் தொட்டால் அது போக்சோ சட்டத்தில் வரும் குற்றம். பிள்ளை பயந்து வந்து சொன்னால் முதலில் அவளை நம்புங்கள். குழந்தைகள் உதவி எண் 1098.

அதற்கும் மேலே போகிறவர்கள் இருக்கிறார்கள். தூரத்தில் இல்லை, திருச்சியில். 2024 டிசம்பரில் அங்கே ஒரு டாட்டூ கடையில் நாக்கைப் பாம்பு நாக்கு போல இரண்டாகப் பிளந்து தைக்கிற வேலை நடந்தது. மருத்துவப் படிப்பு இல்லை. அனுமதி இல்லை. செய்ததைப் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் பெருமையாகப் போட்டார்கள். போலீசார் இருவரைக் கைது செய்தார்கள். மாநகராட்சி கடைக்குச் சீல் வைத்தது. வீடியோ வெளியே வந்ததால் பிடிபட்டார்கள். வீடியோ போடாமல் செய்கிறவர்களை யார் பிடிப்பது?

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். சொல்கிறேன், மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். இத்தனை வயதுக்குக் கீழே குத்தக் கூடாது, பெற்றோர் வர வேண்டும் என்று தனியாகச் சொல்லும் சட்டம் நம்மிடம் இல்லை. பொதுச் சட்டங்கள்தான் இருக்கின்றன. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி 18 வயது ஆகாதவர் ஒப்பந்தம் செய்துகொள்ளவே தகுதியில்லாதவர். ஆகவே உங்கள் பெண்ணிடம் "என்ன நடந்தாலும் கடை பொறுப்பில்லை" என்று ஒரு பேப்பரில் கையெழுத்து வாங்கியிருந்தால், அதைக் காட்டி உங்களைப் பயமுறுத்த விடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 25-ஆவது பிரிவைப் பாருங்கள். 'அவர் சம்மதித்துத்தான் செய்தேன், தீங்கு வந்தால் நான் பொறுப்பில்லை' என்று தப்பிக்க அது இடம் தருகிறது. ஆனால் சம்மதித்தவர் 18 வயது கடந்தவராக இருந்தால் மட்டுமே. 28-ஆவது பிரிவோ, 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையின் சம்மதம் சம்மதமே இல்லை என்று சொல்கிறது.

இதெல்லாம் தீங்கு நடந்த பிறகு கோர்ட்டுக்குப் போகிறவர்களுக்கு உதவும். காதை முன்கூட்டியே காப்பாற்றாது. காப்பாற்ற வேண்டுமானால் கடை வாசலிலேயே கேள்வி இருக்க வேண்டும்.

மற்ற நாடுகளில் வைத்திருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் 18 வயது ஆகாதவருக்குக் காது தவிர வேறு இடத்தில் குத்த வேண்டுமானால் பெற்றோர் நேரில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நோட்டரி சான்றளித்த கடிதம் வேண்டும். ஸ்காட்லாந்தில் 2006-இலேயே 16 வயதுக்குக் கீழே பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று விதி செய்துவிட்டார்கள். வேல்ஸ் இன்னும் கண்டிப்பு. 2018 பிப்ரவரி 1 முதல் அங்கே 18 வயது ஆகாதவருக்கு அந்தரங்க உறுப்புகளில் குத்துவது குற்றம். அந்தப் பட்டியலில் நாக்கும் சேர்த்தி. பெற்றோரே கூட்டிக்கொண்டு வந்து நின்றாலும் குத்தக் கூடாது. எனக்கு வேல்ஸ் விதிதான் சரியாகப் படுகிறது. காதுக்கும் மூக்குக்கும் அம்மா பக்கத்தில் இருக்கட்டும். நாக்குக்கும் மற்ற இடங்களுக்கும் 18 வயது வரை யார் சொன்னாலும் வேண்டாம்.

காதுக்கு விலக்கு கொடுத்த கலிஃபோர்னியா விதி நமக்குப் போதாது. காது போவதைத்தான் மேலே பார்த்தோமே!

வெறும் கையெழுத்தும் போதாது. கையெழுத்தை யார் வேண்டுமானாலும் போடுவார்கள். தோழியின் அக்கா "நான்தான் அம்மா" என்று போனில் பேசுவாள். நேரில் வர வேண்டும். அடையாள அட்டை காட்ட வேண்டும். குத்துகிறவர் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இனி ஆபத்து அறிகுறிகளுக்கு வருகிறேன். முதலில் கடையில்.

வயது கேட்கவில்லையா? வெளியே வந்துவிடுங்கள். புதிய ஊசியை உங்கள் கண் முன்னே உறை பிரித்து எடுக்கவில்லையா? வெளியே வாருங்கள். மேல்காதுக்கோ மூக்குக்கோ துப்பாக்கியைத் தூக்குகிறாரா? விவாதமே வேண்டாம், எழுந்துவிடுங்கள். கையுறை போட்டுக்கொண்டே செல்போனை எடுத்துப் பேசுகிறார், காசு வாங்கிப் போடுகிறார் என்றால் அந்தக் கையுறைக்கு அர்த்தமே இல்லை. "வலிக்காம இருக்க மரத்துப்போற ஊசி போடறேன்" என்றால் ஒரு நிமிடமும் நிற்காதீர்கள். அது டாக்டர் போட வேண்டிய ஊசி. டாக்டர் போடும்போதே எச்சரிக்கை வேண்டிய ஊசி. 2025 பிப்ரவரியில் கர்நாடகத்தில் சாமராஜநகர் மாவட்டத்தில், காது குத்துவதற்காக மரத்துப்போகும் ஊசி போடப்பட்ட பச்சைக் குழந்தை இறந்ததாகச் செய்தி வந்ததே, மறந்துவிட்டீர்களா? அந்த ஊசியைக் கடைக்காரர் கையில் கொடுப்பதா?

விலை மலிவான பளபள ஸ்டட்டிலும் கவனம். பலவற்றில் நிக்கல் கலந்திருக்கும். ஆறாத புண்ணில் நிக்கல் பட்டுக்கொண்டே இருந்தால் உடம்புக்கு அது ஒவ்வாமல் போய்விடலாம். அரிப்பும் நீர் வடிதலும் வரும். ஒருமுறை வந்த ஒவ்வாமை வாழ்நாள் முழுக்கத் தொடரும். பிறகு கல்யாணத்துக்குக் கவரிங் நகை கூடப் போட முடியாது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை வேறு. பிள்ளை திடீரென்று முடியை ஒரு பக்கமாக இழுத்து விடுகிறது. வீட்டுக்குள்ளும் தொப்பி, துப்பட்டா. ஒரே பக்கமாகப் படுக்கிறது. தலை பின்ன விடுவதில்லை. தலையணை உறையில் மஞ்சளாகவோ ரத்தமாகவோ கறை. சோறு மென்று சாப்பிடாமல் கஞ்சியாகக் கேட்கிறது. பிளாஸ்திரி அட்டை, ஆன்டிபயாட்டிக் அட்டை பையில் கிடக்கிறது. பள்ளியில் ஸ்டட் போடக் கூடாது என்பதற்காக ஈர்க்குச்சியை ஒடித்து ஓட்டையில் சொருகிக்கொண்டு போகிறது. இந்த ஈர்க்குச்சி வேலையைப் பல அம்மாக்களே சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆறாத புண்ணில் துடைப்பக் குச்சியா? தயவுசெய்து நிறுத்துங்கள்.

உடம்பில் தெரியும் அறிகுறிகளில் இவற்றுக்கு ஒரு நாள் கூடக் காத்திருக்கக் கூடாது: மேல்காது முழுக்கச் சிவந்து வீங்கி, சோணை மட்டும் சாதாரணமாக இருப்பது. தொட்டாலே துடிக்கிற வலி, வலி குறையாமல் ஏறுவது. பச்சை, மஞ்சள் சீழ். சிவப்பு பரவிக்கொண்டே போவது. ஸ்டட்டின் தலை சதைக்குள் புதைவது. குளிர் ஜுரம். மூக்கிலோ உதட்டிலோ குத்திய பிள்ளைக்குக் கண் வீங்கினால், தலைவலியும் வாந்தியும் வந்தால், நாக்கில் குத்திய பிள்ளைக்கு எச்சில் விழுங்க முடியாமல் போனால், மூச்சுத் திணறினால், தாடை இறுகி வாய் திறக்க முடியாமல் போனால் உடனே 108.

தாடை இறுகுவது தனுர்வாதத்தின் அறிகுறி. அந்தக் கிருமி மண்ணில் இருக்கிறது. விருத்தாசலம் பக்கத்து ஊர்களில் இதை இரண்டு தடவை சொல்ல வேண்டும். செராமிக் யூனிட்டில் களிமண் பிசையவும், பொம்மைக்கும் அகல் விளக்குக்கும் வண்ணம் அடிக்கவும் அம்மாவோடு லீவு நாளில் பிள்ளைகளும் போவதுண்டு. வீட்டுக்கு வந்தால் வயல், மாடு. புதிதாகக் குத்திய புண்ணோடு மண் கையை வைத்துச் சொறிந்தால் என்ன ஆகும்? 10 வயதிலும் 16 வயதிலும் போட வேண்டிய டி.டி. ஊசி போட்டாயிற்றா என்று தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். மஞ்சள் காமாலை 'பி' ஊசியையும் அதே அட்டையில் பாருங்கள். விட்டுப்போயிருந்தால் குத்துவதற்கு முன்பே போட்டுவிடுங்கள்.

தழும்பு தடித்து வளரும் குடும்பமா? அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி யாருக்காவது அப்படி உண்டா? 2005-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், அப்படிப்பட்டவர்களில் 11 வயதுக்கு முன் காது குத்தியவர்களைவிட, 11 வயதிலோ அதற்குப் பிறகோ குத்தியவர்களுக்குத்தான் தடித்த தழும்பு அதிகம் வந்ததாகத் தெரிந்தது. பதின்வயதில் கடையில் போய்க் குத்துவது அந்தப் பிள்ளைகளுக்கு இரட்டை ஆபத்து. அறுத்து எடுத்தாலும் அந்தத் தழும்பு பல நேரம் மறுபடி வளரும். முன்பைவிடப் பெரிதாகவே வளரலாம்.

ஒரு விஷயத்தில் என் மனது கிடந்து தவிக்கிறது. சம்மதம் கட்டாயம் என்றால், பிள்ளைகள் வீட்டிலேயே குத்திக்கொள்ள ஆரம்பிப்பார்களே? இப்போதே ஹாஸ்டல்களில் நடக்கிறது. ஐஸ் கட்டி, ஊக்கு, ஒரு வீடியோ. ஒரே ஊக்கு நான்கு பேருக்கு. குத்துவதற்கான கருவிப் பெட்டி ஆன்லைனில் வாங்கலாம், பார்சலில் வீட்டுக்கே வரும். இது கடையைவிட மோசம்.

அதனால்தான் சொல்கிறேன். 'கூடாது' என்று ஒரே வார்த்தையில் கதவைச் சாத்தாதீர்கள். பிள்ளை கேட்டால் உட்கார்ந்து கேளுங்கள். "பரீட்சை முடியட்டும், நானே கூட்டிக்கிட்டுப் போறேன், டாக்டரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்" என்று சொல்லிப் பாருங்கள். சொன்னால் சொன்னபடி கூட்டிக்கொண்டும் போங்கள். இரண்டாவது கம்மலும் மூக்குத்தியும் கேட்கிற பெண் பாவம் எதுவும் செய்துவிடவில்லை. சோணையில் இன்னொரு கம்மல் என்றால், நல்ல ஊசி, நல்ல உலோகம், கூட அம்மா இருந்தால் நானே சரி என்பேன். நான் பயப்படுவது அழகுக்கு இல்லை. ஒளிவுக்கு.

மங்கலம்பேட்டையில் நாம் செய்யக்கூடியதும் இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகிற பெற்றோர் இதைப் பேசுங்கள். ஸ்டட் போட்டு வந்த பிள்ளையை வரிசையில் நிறுத்திப் பிடுங்கச் சொல்ல வேண்டாம், புதுப் புண்ணிலிருந்து பிடுங்கினால் கிழியும். பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். வார்டு கவுன்சிலரிடமும் பேரூராட்சிச் செயல் அலுவலரிடமும் எழுதிக் கொடுங்கள். பார்லருக்கும் ஃபேன்சி ஸ்டோருக்கும் வணிக உரிமம் புதுப்பிக்கும்போது, '18 வயது ஆகாதவருக்குப் பெற்றோர் நேரில் இல்லாமல் குத்த மாட்டேன்' என்று எழுதி வாங்கினால் என்ன குறைந்துவிடும்? கடை வாசலில் ஒரு போர்டு, உள்ளே ஒரு பதிவு நோட்டு. கடைக்காரர்களே, உங்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த நோட்டு உங்களையும் காப்பாற்றும்.

ஏற்கெனவே குத்திக்கொண்டு வந்துவிட்டதா? முதல் ஐந்து நிமிடம் வாயைத் திறக்காதீர்கள். அடி விழும் என்று தெரிந்தால் அடுத்த தடவை சீழ் வந்தாலும் காட்ட மாட்டார்கள். கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, காய்ச்சி ஆற வைத்த உப்புத் தண்ணீரிலோ மருந்துக்கடை சலைனிலோ சுத்தமான பஞ்சை நனைத்து மெல்ல ஒற்றி எடுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, தேங்காய் எண்ணெய், டூத் பேஸ்ட் எதுவும் வேண்டாம். சீழ் இருக்கும்போது நீங்களாகக் கம்பியைக் கழற்றாதீர்கள். ஓட்டை மூடிக்கொண்டு சீழ் உள்ளேயே தங்கிவிடலாம். கழற்றுவதா வேண்டாமா என்று டாக்டர் சொல்லட்டும்.

மேல்காது என்றால் காது மூக்கு தொண்டை டாக்டர் இருக்கிற ஆஸ்பத்திரிக்கே போய்விடுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104-க்குப் போன் செய்து கேளுங்கள். போகும்போது தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் தேதியில் குத்தியது, துப்பாக்கியா ஊசியா, இதுவரை என்ன மாத்திரை சாப்பிட்டது என்று பிள்ளையிடம் கேட்டு ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். சீழை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள், எந்த மருந்து பலிக்கும் என்று அதில்தான் தெரியும். கூடப் போய்க் குத்திக்கொண்ட தோழிகளின் அம்மாக்களுக்கும் அன்றைக்கே போன் செய்து சொல்லிவிடுங்கள். அவர்களுக்கும் தெரிந்திருக்காது.